இரண்டு மாநிலம், ஒரே ஆதார்: எல்லையோரத்தில் வேலைக்கு வருகிறவர்கள் அடையாளத் திருட்டைத் தடுக்கவும், நடந்துவிட்டால் மீளவும் ஒரு வழிகாட்டி

கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்காகவும், குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், வண்டிப்பெரியாறு பகுதிகளில் குடியிருந்துகொண்டு வங்கிக் கணக்கைக் கீழே தேனி மாவட்டத்தில் வைத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இந்தப் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே இதைப் படித்துவிடுவது நல்லது.

என் மதினி மகளிர் குழுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, அவர் பெயரில் ஏற்கெனவே ஒரு கடன் கட்டாமல் கிடப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அப்படி ஒரு கடன் வாங்கவே இல்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். எந்த லிங்க்கையும் அவர் தொட்டதில்லை, யாருக்கும் ஓடிபி சொன்னதில்லை. ஆனால் ஏதோ ஒரு கடன் செயலியில் அவருடைய ஆதார் நகலும் பான் நகலும் இருந்தன. கூடவே அவர் பெயரில் மலையில் வாங்கப்பட்ட, அவர் கண்ணால் பார்த்தே இராத ஒரு செல் எண்ணும் இருந்தது. அந்தக் கடனை அவர் பெயரிலிருந்து நீக்கி முடிப்பதற்குள் எந்தத் தாள் எங்கே வேண்டும், யாரிடம் முதலில் போக வேண்டும் என்பதை ஒவ்வொன்றாக, அலைந்துதான் தெரிந்துகொண்டோம்.

சைபர் பாதுகாப்பு என்றதும் கம்ப்யூட்டரும் பாஸ்வேர்டும் வைத்திருப்பவர்களின் கவலை என்று பலர் நினைக்கிறார்கள். நம் பகுதியில் திருட்டு தொடங்குவது காகிதத்தில். ஒரு நகலிலிருந்து ஒரு சிம் பிறக்கிறது. அந்த சிம்மிலிருந்து ஒரு கணக்கு அல்லது கடன் பிறக்கிறது. ஆகவே போனை மட்டும் பாதுகாத்தால் போதாது, நகலை மட்டும் பாதுகாத்தாலும் போதாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் செல் எண். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. ஆதாரோடு இணைந்த எண் எது என்று உறுதி செய்யுங்கள்

எல்லையோரத்தில் ஒருவரிடம் இரண்டு சிம் இருப்பது சாதாரணம். மேலே ஒரு கேரள எண், கீழே ஒரு தமிழ்நாட்டு எண். சீசன் முடிந்து ஊருக்குத் திரும்பியதும் கேரள சிம்மைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறோம். இங்கேதான் பெரிய ஓட்டை இருக்கிறது. தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணை வைத்திருக்க விதி இடம் தருகிறது. அதுவும் இல்லையென்றால் எண் போய்விடும். சிறிது காலம் கழித்து அதே எண்ணை வேறொருவருக்கு விற்பார்கள். உங்கள் ஆதாரும் வங்கிக் கணக்கும் அந்தப் பழைய எண்ணிலேயே இருந்தால், உங்களுக்கு வர வேண்டிய ஓடிபி அந்தப் புதிய ஆளின் போனுக்குப் போகும். அவர் நல்லவராக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

எந்த எண் இணைந்திருக்கிறது என்று பார்க்க ஓடிபி தேவையில்லை. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் ஆதார் சரிபார்ப்புப் பகுதியில் 12 இலக்க எண்ணைக் கொடுத்தால், இணைந்துள்ள செல் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் தெரியும். அது இப்போது உங்கள் கையில் இல்லாத எண் என்றால், இந்த வாரமே ஆதார் சேவை மையத்துக்குப் போங்கள்.

கொண்டு போக வேண்டியது: அசல் ஆதார், புதிய எண் உள்ள போன். எண் மாற்றத்துக்கு வேறு சான்று கேட்கமாட்டார்கள். உங்கள் விரல் ரேகையே சான்று. தமிழ்நாட்டு முகவரி உள்ள ஆதாரைக் கேரள மையத்தில் திருத்தலாம், கேரள முகவரி உள்ளதைத் தேனியிலும் திருத்தலாம். "உங்கள் மாநிலத்துக்குப் போங்கள்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

செலவு: 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் 1947 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

காலம்: விதிப்படி 90 நாள் வரை ஆகலாம். பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். அதில் புதிய எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே இலக்கம் இலக்கமாகப் படித்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், தினமும் கையில் இருக்கும் எண் ஒன்றை "அடையாள எண்" என்று முடிவு செய்துவிட வேண்டும். ஆதார், வங்கி, பான், பி.எஃப்., காஸ் இணைப்பு, ரேஷன் எல்லாம் அந்த ஒரே எண்ணில். இன்னொரு சிம் பேச மட்டும். அதை விட்டுவிடுவதானால், முதலில் வங்கிக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு, அதன் பிறகே சிம்மை விடுங்கள்.

இன்னொன்று. உங்கள் போனில் திடீரென்று சிக்னல் முழுவதும் போய்விட்டால், யாரோ உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் இதை உடனே கவனிப்பார்கள். நாம் லோயர் கேம்ப் தாண்டி மலையேறினாலே சிக்னல் போய் வருவதைப் பார்த்துப் பழகியவர்கள். அதனால் இப்படி ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள்: அதே இடத்தில் அதே நிறுவன சிம் வைத்திருக்கும் பக்கத்து ஆளுக்குச் சிக்னல் இருந்து, உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், வேறொரு போனிலிருந்து நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். மாலை வரை காத்திருக்க வேண்டாம்.

2. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள்

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் "உங்கள் பெயரிலுள்ள இணைப்புகள்" என்று ஒரு சேவை இருக்கிறது. செல் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், உங்கள் அடையாளத்தில் வாங்கிய எண்கள் எல்லாம் பட்டியலாக வரும். கட்டணம் இல்லை. ஒருவர் பெயரில் 9 சிம் வரை இருக்கலாம் என்பதால், கூடுதலாக ஒன்றிரண்டு இருந்தால் எந்த எச்சரிக்கையும் தானாக வராது. நாமேதான் பார்க்க வேண்டும். என் மதினியின் பட்டியலில் இருந்த அந்நிய எண்தான் எங்களுக்குக் கிடைத்த முதல் ஆதாரம்.

ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே மூன்று பதில்கள் இருக்கும்: இது என் எண் அல்ல, இது தேவையில்லை, இது தேவை. முதல் பதிலை அழுத்துவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். வீட்டில் யாராவது உங்கள் ஆதாரைக் கொடுத்து சிம் வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். மகன் பயன்படுத்தும் எண்ணை நீங்களே துண்டித்துவிடக் கூடாது. அடுத்து, பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் கொடுத்ததும் வரும் குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள். போலீஸிலும் கடன் நிறுவனத்திலும் இரண்டையும் கேட்பார்கள்.

சிம் வாங்கும் இடத்தில் ஒரு பொறி உண்டு. சாலையோரம் குடை விரித்து விற்பவர்களில் சிலர், "முகம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை பாருங்கள்" என்று இரண்டாம் முறை படம் எடுப்பார்கள். முதல் படத்திலேயே ஒரு சிம் பதிவாகியிருக்கும்; இரண்டாவது படத்தில் இன்னொன்று பதிவாகிவிடும். நிறுவனத்தின் சொந்தக் கடையில் வாங்குவதே நல்லது. அப்படி முடியாமல் போனால், வாங்கிய அன்றிரவே மேலே சொன்ன பட்டியலைப் பாருங்கள்.

3. கைரேகையைப் பூட்டுங்கள்

ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில் கார்டு வேண்டாம், ஓடிபி வேண்டாம், விரல் வைத்தால் போதும். வங்கிக்கு நடக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவிதான். ஆனால் பத்திரப் பதிவு நகல்களில் இருக்கும் பெருவிரல் ரேகையை எடுத்துப் போலி ரேகை செய்து பணம் எடுத்த வழக்குகள் நாட்டின் பல பகுதிகளில் பதிவாகியிருக்கின்றன.

ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ "பயோமெட்ரிக் லாக்" செய்துவிட்டால், ரேகையும் கருவிழிப் பதிவும் யாருக்கும் வேலை செய்யாது. இலவசம். ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓடிபி வரும் என்பதால்தான் முதல் படியை முதலில் வைத்தேன். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்குப் பிள்ளைகள் தங்கள் போனில் செய்துகொடுக்கலாம். ஓடிபி பட்டன் போனுக்கே வந்துவிடும்.

பலர் பூட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள், ரேஷன் கடையில் வரிசையில் நின்ற பிறகு ரேகை ஏற்கவில்லை என்று திரும்புகிறார்கள். மெஷினில் 330 என்ற பிழை எண் வந்தால், ரேகை பூட்டியிருக்கிறது என்று பொருள். செயலியில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்; 10 நிமிடத்தில் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். எனவே கடைக்குப் போகும்போது ஓடிபி வரும் போனையும் எடுத்துப் போங்கள்.

தோட்ட வேலையில் ரேகை தேய்ந்தவர்களை ஏமாற்றுவது இன்னும் எளிது. "விழவில்லை, மறுபடி வையுங்கள்" என்று சொல்லி இரண்டு முறை பணம் எடுத்துவிடுவார்கள். முதல் முறை விழவில்லை என்றால் அதற்கும் ஒரு சீட்டு அச்சாகும். அதைக் கையில் வாங்கிய பிறகே மறுபடி விரல் வையுங்கள். ஆதார் இணையதளத்தில் கடந்த 6 மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெங்கே, எந்த நேரத்தில் பயன்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். மாதம் ஒருமுறை பாருங்கள். நீங்கள் தோட்டத்தில் இருந்த நேரத்தில் வேறெங்கோ விரல் வைத்ததாக இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

4. நகல் கொடுக்கும்போது

வேலைக்கு வந்த முதல் வாரத்தில் எத்தனை பேர் ஆதார் நகல் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தோட்டக் கணக்குப்பிள்ளை, ஜீப்காரர், வீட்டு உரிமையாளர், சிம் கடை, கேரளத்தின் அக்ஷயா சேவை மையம், தமிழ்நாட்டின் இ-சேவை மையம். எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த நகல் அவர்கள் மேசையில் எத்தனை நாள் கிடக்கும், அதன் பிறகு எங்கே போகும் என்பது அவர்களுக்கே தெரியாது.

ஜெராக்ஸ் கடையில் ஒரு முறை கவனித்துப் பாருங்கள். ஆதாரைக் கண்ணாடியில் கவிழ்த்து எடுக்கும்போது முதல் தாள் சாய்ந்து விழும், அல்லது மை மங்கலாக வரும். கடைக்காரர் அதை எடுத்து மெஷினுக்குக் கீழே இருக்கும் அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு இரண்டாவதை உங்களிடம் கொடுப்பார். பெட்டியில் விழுந்த தாளில் பெயர், பிறந்த தேதி, எண் எல்லாம் படிக்கும்படிதான் இருக்கும். அந்தப் பெட்டி நிறைந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. "அண்ணே, அந்தத் தாளையும் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, நான்காகக் கிழித்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

இதைவிட மோசமான பழக்கம், ஆதாரைப் படம் எடுத்துக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்செடுப்பது. அந்தப் படம் அவர் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான மற்றவர்களின் படங்களோடு தங்கிவிடுகிறது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அச்சானதும் அங்கேயே நின்று, வாட்ஸ்அப்பிலும் டவுன்லோடு ஃபோல்டரிலும் அழிக்கச் சொல்லுங்கள்.

நகலின் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே, நீல மையில் எழுதுங்கள்: யாருக்கு, எதற்காக, எந்தத் தேதி. "வண்டன்மேடு தோட்ட வேலைப் பதிவுக்கு மட்டும், 12-6-2026" என்பது போல. கையெழுத்தைப் பாதி படத்தின் மேலும் பாதி வெளியிலும் வருமாறு போடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுநகல் எடுத்துவிடலாம்.

முழு எண் தேவையில்லாத இடங்களில் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்தில் பதிவிறக்கும்போதே இந்த வாய்ப்பு வரும். முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். பதிவிறக்கிய பிடிஎஃப் கோப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பாஸ்வேர்டு. உங்களைத் தெரிந்த யாராலும் திறக்க முடியும்.

பான் அட்டையை வேலைக்காகக் கேட்டால், ஏன் என்று கேளுங்கள். கடன் எடுப்பதற்கு ஆதாரைவிடப் பான் எண்தான் திருடனுக்கு அதிகம் தேவை.

5. போனில் செய்ய வேண்டியவை

இதைப் பலரும் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி 6 இலக்க எண் ஒன்றை வையுங்கள். வண்டி அபராதம், கல்யாணப் பத்திரிகை, விவசாயி உதவித்தொகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (செயலியை நிறுவும்) கோப்புகளைத் திறக்காதீர்கள். அவை உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியைக் கடத்தும் செயலிகளாக இருக்கலாம். யாராவது சொல்லி ஏதாவது எண்ணை டயல் செய்திருந்தால் உங்கள் அழைப்புகள் வேறிடத்துக்குத் திருப்பப்பட்டிருக்கலாம். ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும். போன் தொலைந்தால் சஞ்சார் சாத்தியிலேயே முடக்கலாம். அதற்கு ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்) வேண்டும் என்பதால், இன்றே *#06# டயல் செய்து அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கமிஷன் தருகிறேன், உங்கள் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று கேட்பவர்கள் மலையிலும் வருகிறார்கள், கீழேயும் வருகிறார்கள். கொடுத்தால் திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். கணக்கு முடங்கும், வழக்கில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கும். இதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது.

6. கடன் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை எடுங்கள்

உங்கள் பெயரில் கடன் இருக்கிறதா என்பதை அறிய வேறு நல்ல வழி இல்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என, ஒவ்வொருவரின் கடன் விவரத்தையும் தொகுத்துவைக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று முறை வைத்து எடுத்தால் ஆண்டு முழுவதும் கண்காணித்ததாகிவிடும், ஒரு ரூபாய் செலவில்லை. தளத்தில் நுழைந்ததும் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று பெரிய எழுத்தில் கேட்பார்கள். இலவச அறிக்கைக்கான இணைப்பு சிறியதாக எங்கோ இருக்கும், தேடி எடுங்கள்.

அறிக்கையில் கடன் பகுதியை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். உங்களுடையவை என்று பதிவாகியிருக்கும் செல் எண்களையும் முகவரிகளையும், "விசாரணைகள்" என்ற பகுதியையும் பாருங்கள். நீங்கள் கேட்காத நிறுவனம் ஒன்று உங்கள் அறிக்கையைக் கேட்டிருந்தால், யாரோ உங்கள் பெயரில் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று பொருள். கடன் உருவாகும் முன்பே பிடிக்கக்கூடிய இடம் அது.

7. பணம் போய்விட்டால்: முதலில் 1930

கணக்கிலிருந்து பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற எண்ணை அழையுங்கள். போலீஸ் நிலையத்துக்கு ஜீப் பிடிப்பதற்கு முன் இந்த அழைப்பு. பணம் திருடனின் கணக்கில் இருக்கும்போதே வங்கி நிறுத்திவைக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். கையில் இருக்க வேண்டியவை: கணக்கு எண், வங்கிப் பெயர், பரிவர்த்தனையின் 12 இலக்க யூடிஆர் எண், போன தொகை, நாள், நேரம். யூடிஆர் எண் குறுஞ்செய்தியில் இருக்கும். அந்தக் குறுஞ்செய்தியை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

உடனே வங்கியிலும் புகார் செய்து எண் வாங்குங்கள். உங்கள் பக்கமும் வங்கிப் பக்கமும் தவறில்லாமல் வெளியாள் ஒருவர் எடுத்த பணம் என்றால், தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதி. ஏழு வேலை நாள் வரை என்றால் ஒரு வரம்புக்குட்பட்ட தொகை உங்கள் தலையில் விழும். அதையும் தாண்டினால் வங்கி வகுத்திருக்கும் கொள்கைதான். வாயால் சொல்வது கணக்கில் வராது; தேதியிட்ட எழுத்துப் புகார் வேண்டும்.

பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யுங்கள். நுழையும்போதே மாநிலம் கேட்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத்தின் போலீஸுக்குத்தான் புகார் போகும். நான் சொல்வது: எந்த மாநிலத்தில் நிரந்தரமாக இருக்கிறீர்களோ, எங்கே கூப்பிட்டால் அதிகம் அலையாமல் நேரில் போக முடியுமோ, அதைத் தேர்ந்தெடுங்கள். நடந்ததைக் குறைந்தது 200 எழுத்துகளில் விவரிக்க வேண்டும். சிறப்புக் குறியீடுகளை ஏற்காது. முதலில் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தால் பாதியில் அறுந்துபோகாது.

8. காவல் நிலையம்: மேலேயா, கீழேயா?

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். கீழே ஒரு நிலையத்தில் "சிம் வாங்கியது கேரளா, அங்கே போங்கள்" என்றார்கள். மேலே போனால் "ஆள் தமிழ்நாடு, அங்கே கொடுங்கள்" என்றார்கள். இரண்டுமே தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் பதிவு செய்துகொண்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். பிரிவு எண்ணை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். வாயால் வாதாடுவதைவிட அது வேலை செய்கிறது.

மனுவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவையும் 66டி பிரிவையும் குறிப்பிடுங்கள். முதலாவது அடையாளத் திருட்டு, இரண்டாவது கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தச் சட்டப்படியான குற்றங்களை இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க முடியும். அதனால் சிறிய நிலையத்தில் எஸ்.ஐ. மட்டும் இருக்கும்போது போய்த் திரும்பாதீர்கள். இன்ஸ்பெக்டர் எப்போது இருப்பார் என்று கேட்டுப் போங்கள், அல்லது மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கே நேரடியாகப் போங்கள்.

கொண்டு போக வேண்டிய தாள்கள், எல்லாம் இரண்டு பிரதி: மனு, ஆதார், சஞ்சார் சாத்திப் பட்டியலின் அச்சு, கடன் அறிக்கையில் அந்தப் பக்கம், கடன்காரர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகளின் அச்சு, இணையப் புகாரின் எண். ஒரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். அது புகார் பெற்றதற்கான சான்றுதான், எஃப்.ஐ.ஆர். ஆகாது. இந்த வகைக் குற்றத்தில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் வரை முதற்கட்ட விசாரணை நடத்தச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே அந்த 14 நாள் பொறுத்து, பிறகு போய்க் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். பிரதி இலவசம். பதிவு செய்ய மறுத்தால், அதே 173ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் மனுவை அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மலையாளம் எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. தமிழ் மனுவோடு தெரிந்த ஒருவரை வைத்து ஒரு பக்க மலையாளச் சுருக்கம் இணைத்தால் வேலை வேகமாக நடக்கும்.

9. வாங்காத கடனைப் பெயரிலிருந்து நீக்குவது

மிரட்டல் அழைப்புகள் வரும். "பாதி கட்டினால் முடித்துவிடுகிறோம்" என்பார்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும், அறிக்கையில் பாதி கட்டி முடித்த கடன் என்றே நிற்கும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அழைத்த நேரங்களைக் குறித்து வையுங்கள்.

கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலும் தபாலும் அனுப்புங்கள். "நான் வாங்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அச்சடித்த பதில்தான் வரும். இவற்றைக் கேளுங்கள்: விண்ணப்பப் பிரதி, அடையாளச் சரிபார்ப்புக்கு (கேஒய்சி) கொடுத்த ஆவணங்கள், எடுத்த முகப் படம், பதிவு செய்த செல் எண், எந்த வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள் என்ற விவரம். கடைசிக் கேள்விதான் முக்கியம். டிஜிட்டல் கடனைக் கடன் வாங்குபவரின் கணக்கில்தான் செலுத்த வேண்டும் என்பது விதி. அது உங்கள் கணக்கு இல்லையென்றால் நிறுவனத்தின் சரிபார்ப்பில் ஓட்டை என்பது அவர்கள் எழுத்திலேயே வந்துவிடும். உங்கள் பெயரில் நீங்கள் திறக்காத கணக்கு என்றால், அந்த வங்கிக்கும் போலீஸுக்கும் இன்னொரு மனு தேவை. எங்கள் விஷயத்தில் முகப் படத்தைப் பார்த்ததுமே முடிவு தெரிந்துவிட்டது. அதில் இருந்தது வேறொரு பெண்.

அதே நாளில் கடன் அறிக்கை நிறுவனத்தின் தளத்தில் அந்தக் கணக்கின் மேல் மறுப்பு பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இந்த விதி 2024 ஏப்ரல் 26 முதல் இருக்கிறது. பெயரை எல்லாத் தாளிலும் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். நம்மவர்களுக்குத் தமிழ்நாட்டுத் தாளில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், கேரளத் தாளில் அது விரிந்து பின்னால் போயிருக்கும். அந்த வேறுபாட்டைக் காட்டியே மறுப்பைத் திருப்பிவிடுவார்கள்.

30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போங்கள். தளத்தில் பதியலாம், 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய முதல் புகாரின் தேதிச் சான்று இல்லாமல் போனால் அங்கே எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

கடன் நீங்கியதும், "இந்தக் கடன் உங்களுடையது அல்ல" என்று நிறுவனத்திடமிருந்து கடிதம் வாங்குங்கள். மின்னஞ்சலில் வந்தால் அச்செடுத்து வையுங்கள். சிபிலில் நீங்கியது மற்ற மூன்றிலும் தானாக நீங்கியிருக்கும் என்று இருந்துவிட வேண்டாம். ஒரு மாதம் கழித்து அவற்றின் இலவச அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு ஒன்றில் அந்தக் கடன் அப்படியே இருந்தது. அந்தக் கடிதத்தை இணைத்து மறுபடி மறுப்பு போட்டுத்தான் நீக்கினோம்.